ப்ரீ-மெட்: கஷ்டப்பட்டுப் படித்தால் போதுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் கெமிஸ்ட்ரி உதவி அறையில் 12 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பாடம் புரியாத மாணவர்கள் நோட்டும் கையுமாக வருவார்கள். கூட உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தமிழ்ப் பள்ளி வாசலில் அப்பா அம்மாக்கள் நிறுத்திவைத்துக் கேட்பார்கள். கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அவரவர் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"ப்ரீ-மெட்டில் சேர்ந்துட்டா டாக்டர் சீட் கிடைச்ச மாதிரிதானே?"

இல்லை. ப்ரீ-மெட் என்பது பட்டமும் இல்லை, சீட்டும் இல்லை. இங்கே மருத்துவப் படிப்பே இளங்கலைக்குப் பிறகுதான் தொடங்கும். நான்கு ஆண்டுகள் ஏதாவது ஒரு பட்டப்படிப்பு படிக்க வேண்டும். கூடவே மருத்துவப் பள்ளிகள் கேட்கும் பாடங்களை முடிக்க வேண்டும்: உயிரியல், பொது வேதியியல், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, இயற்பியல் ஆகியவை பொதுவாக ஒவ்வொன்றும் ஓராண்டு, லேபோடு சேர்த்து. அப்புறம் பயோகெமிஸ்ட்ரி, பல இடங்களில் புள்ளியியலும் ஆங்கிலமும். இந்தப் பாதையில் போகிறேன் என்று சொல்லிக்கொள்வதற்குத்தான் ப்ரீ-மெட் என்று பெயர். வரலாறோ இசையோ பட்டப்பாடமாக எடுத்துவிட்டு மருத்துவத்துக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

அதன் பிறகு மருத்துவப் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வான எம்கேட், விண்ணப்பம், நேர்முகம். பள்ளி முடித்ததுமே மருத்துவ இடத்தையும் சேர்த்துத் தரும் கூட்டுப் படிப்புகள் சில உண்டு. பிரவுன் பல்கலைக்கழகத்தில் 8 ஆண்டு, மிசூரி பல்கலைக்கழகத்தின் கேன்சஸ் சிட்டி வளாகத்தில் 6 ஆண்டு. அவற்றில் இடங்கள் மிகக் குறைவு. இங்கே எழுதியிருப்பது மற்ற எல்லாருக்கும்.

"சுத்தி வளைக்காம சொல்லுங்க. கஷ்டப்பட்டுப் படிச்சா போதுமா, போதாதா?"

போதாது. உதவி அறையில் என் முன்னால் உட்கார்ந்து அழுத பிள்ளைகளில் சோம்பேறி என்று ஒருவரைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. படிக்காத பிள்ளைகள் உதவி அறைக்கு வருவதே இல்லை. வருகிறவர்கள் இரவு 2 மணி வரை கண்விழித்தவர்கள்.

'அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்று ஒரு அப்பா என்னிடம் வாதாடினார். நகரும்தான். ஆனால் அம்மியை அடிக்கிறவருக்கு அது நகர்கிறதா இல்லையா என்று கண்ணெதிரே தெரியும். இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. ஆறு வாரம் அடித்துவிட்டு, தேர்வு அன்றுதான் அது அசையவே இல்லை என்று கண்டுபிடிக்கிறார்கள். உழைப்பு பலிக்கிறதா என்று வாராவாரம் பார்த்துக்கொள்ள ஒரு வழி வேண்டும். அது இல்லாமல் எத்தனை மணி நேரம் கூட்டினாலும் பெரிய மாற்றம் வருவதை நான் பார்த்ததில்லை.

"ஸ்கூல்ல எல்லாத்துலயும் ஏ வாங்கின பையன். முதல் கெமிஸ்ட்ரி மிட்டெர்ம்ல 54. படிக்கலையா, இல்ல இந்தப் படிப்பு அவனுக்கு வராதா?"

முதலில் வகுப்பின் சராசரி என்ன என்று கேளுங்கள். முதலாண்டு கெமிஸ்ட்ரியில் சராசரி 60-க்குக் கீழே போவது அபூர்வம் இல்லை. சராசரி 58 என்றால் 54 ஒரு பேரிடி அல்ல.

அப்புறம், திருத்திய விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணம் எழுதச் சொல்லுங்கள். விஷயமே தெரியாதா? தெரியும், ஆனால் இந்தக் கணக்குக்கு அதுதான் வேண்டும் என்று பிடிபடவில்லையா? அல்லது அவசரமா? அப்படி ஒரு பையனுடைய தாளை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். 11 தவறுகளில் 7 இரண்டாவது வகை. சூத்திரம் எல்லாம் தலைகீழாகத் தெரியும். எதை எங்கே போடுவது என்றுதான் தெரியவில்லை. வீட்டுப்பாடம் முழுவதையும் விடைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே செய்திருக்கிறான். அவன் 'வராத' பையன் இல்லை. எந்தச் சூத்திரம் என்று தானே தீர்மானிக்கும் வேலையை மட்டும் அதுவரை ஒருமுறைகூடச் செய்து பார்த்திருக்கவில்லை.

"ஆன்டி, நான் சேப்டரை மூணு தடவை படிச்சேன், ஹைலைட் பண்ணினேன். பரீட்சையில ஒண்ணுமே வரல."

இது நான் மிக அதிகமாகக் கேட்டது, எனக்கு மிகவும் வலிப்பதும் இதுதான். மூன்றாவது தடவை படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். பக்கம் பழகிவிட்டது, அவ்வளவுதான். தெருவில் தினமும் பார்க்கும் முகம் பழகிவிடுகிறது. அதற்காக அவர் பெயர் நமக்குத் தெரிந்துவிடுவதில்லை.

செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு குழு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு படித்துவிட்டு, பாடத்தைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முன்னால். 2013-ல் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டன்லோஸ்கியும் அவருடைய குழுவும் 10 படிப்பு முறைகளை அலசியபோதும் திரும்பப் படிப்பதும் கோடு போடுவதும் பயன் குறைந்த வரிசையில் வந்தன. தன்னைத் தானே சோதிப்பதும், நாள் விட்டு நாள் பிரித்துப் படிப்பதும் மேல் வரிசையில்.

நான் சொல்லிக்கொடுப்பது எளிமையானது. வகுப்பு முடிந்த அன்றே புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத் தாளில் நினைவில் இருப்பதை எழுது. எழுத முடியாத இடம் எது என்று பார், அதை மட்டும் படி. மூன்று நாள் கழித்து மறுபடியும் வெள்ளைத் தாள். கணக்கு என்றால் விடையைப் பார்க்காமல் 15 நிமிடமாவது திணறு. இப்படிப் படிப்பது பிடிக்காது, ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கும். அந்த உணர்வுக்குப் பயந்துதான் பலரும் மறுபடி ஹைலைட்டரை எடுக்கிறார்கள். போன கேள்வியில் சொன்ன பையன் செய்த ஒரே மாற்றம் விடைப் புத்தகத்தை அடுத்த அறையில் வைத்ததுதான்.

"நாங்க ஊர்ல மனப்பாடம் பண்ணித்தான் சென்டம் வாங்கினோம். ஆர்கானிக்கையும் அப்படியே படிச்சா என்ன?"

மனப்பாடம் கேவலமான விஷயம் இல்லை. வினைத்தொகுதிகளின் பெயரும் சில எண்களும் நாக்கு நுனியில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் நம் ஊர்த் தேர்வில் பாடத்தின் பின்னால் இருந்த கேள்வியே பெரும்பாலும் வந்தது. இங்கே ஆர்கானிக் தேர்வில் வருவது வகுப்பில் யாரும் பார்த்திராத மூலக்கூறு.

ஓர் உதாரணம். எஸ்என்2 என்ற வினையில் உள்ளே வரும் துகள், வெளியேறும் குழுவுக்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து கார்பனைத் தாக்கும். அந்தக் கார்பனைச் சுற்றி மூன்று கார்பன் குழுக்கள் நெருக்கிக்கொண்டிருந்தால் நுழைய வழி இல்லை. அதனால் அங்கே எஸ்என்2 நடக்காது. வலுவான காரம் இருந்தால் நீக்க வினைதான் நடக்கும். இதைப் புரிந்துகொண்ட பெண் எந்த மூலக்கூறைக் கொடுத்தாலும் 'உள்ளே போக வழி இருக்கிறதா?' என்று பார்ப்பாள். 200 வினைகளை அட்டையில் எழுதி உருப்போட்டவள், 201-வதாக ஒன்று வந்ததும் நின்றுவிடுவாள். இருவரில் அதிகம் உழைத்தது இரண்டாவது பெண். அதுதான் என் மனதைப் பிசைகிறது.

"குரூப் ஸ்டடின்னா அரட்டைதான். தனியா கதவைச் சாத்திட்டுப் படிச்சாதானே கவனம் இருக்கும்?"

1970-களில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் யூரி ட்ரைஸ்மேன் என்ற கணித ஆய்வு மாணவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. உயர்நிலைப் பள்ளியில் நன்றாகப் படித்த கறுப்பின மாணவர்கள் பலர் கால்குலஸில் ஏன் விழுகிறார்கள்? பேராசிரியர்களைக் கேட்டால் ஆர்வமின்மை, போதாத பள்ளி, குடும்ப ஆதரவின்மை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவர் 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன அமெரிக்க மாணவர்களையும் கூடவே இருந்து கவனித்தார். சொன்ன காரணம் எதுவும் சரியில்லை. கறுப்பின மாணவர்கள் கடுமையாகவே படித்தார்கள், ஆனால் தன்னந்தனியாக. சீன மாணவர்கள் தனியாகப் படித்துவிட்டு மாலையில் கூடிச் சாப்பிட்டு, ஒருவர் விடையை ஒருவர் சரிபார்த்தார்கள். யாருக்குமே ஒரு கணக்கு வரவில்லை என்றால் அது கணக்கின் கடினம் என்று புரிந்தது. தனியாக இருந்தவனோ 'எனக்குத்தான் மூளை இல்லை' என்று நினைத்துக்கொண்டான். ட்ரைஸ்மேன் கடினமான கணக்குகளைச் சேர்ந்து போடும் பட்டறைகளைத் தொடங்கியதும் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் வெகுவாக உயர்ந்தது.

நியூ ஆர்லியன்ஸில் உள்ள சேவியர் பல்கலைக்கழகம் சிறிய கல்லூரி, பெரிய பணக்காரக் கல்லூரியும் இல்லை. ஆனாலும் கறுப்பின மாணவர்களை மருத்துவப் பள்ளிக்கு அனுப்புவதில் பல ஆண்டுகள் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. சேர்ந்து படிக்கவைப்பதும், ஆரம்பத்திலிருந்தே ஆலோசகர் விடாமல் கவனிப்பதும் அங்கே வழக்கம்.

கதவைச் சாத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கதவைத் திறந்து மூன்று பேராக உட்காரட்டும். பேராசிரியர் மாணவர்களின் சந்தேகங்களுக்கென்று ஒதுக்கும் நேரமான ஆஃபீஸ் ஹவர்ஸும் இதில் சேரும். 'போய்க் கேட்டால் முட்டாள் என்று நினைப்பார்' என்று நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள். பெரியவர்களைக் கேள்வி கேட்காதே என்று வளர்த்த நமக்கும் அதில் பங்கு உண்டு. பிற்பாடு பரிந்துரைக் கடிதம் எழுதப்போவதும் அதே பேராசிரியர்தான்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்கணும்?"

வகுப்பு ஒரு மணி நேரம் என்றால் வெளியே இரண்டு மணி நேரம் என்பது இங்குள்ள பழைய கணக்கு. 15 கிரெடிட், அதாவது வாரம் ஏறத்தாழ 15 மணி நேர வகுப்பு எடுத்தால், வெளியே வாரம் 30 மணி. அதற்கு மேல் போயும் மதிப்பெண் ஏறவில்லை என்றால் மணியைக் கூட்டாதீர்கள், மேலே சொன்ன வெள்ளைத் தாளுக்குப் போங்கள். தூக்கத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

"ஆர்கானிக்ல சி வந்துடுச்சு. எல்லாம் முடிஞ்சுதா?"

முடியவில்லை. ஒரு சி-யை விட அதற்குப் பின்னால் வருவதுதான் பேசும். முதல் இரண்டு ஆண்டுகள் சுமாராகவும் அடுத்த இரண்டு ஆண்டுகள் நன்றாகவும் இருக்கும் மதிப்பெண் பட்டியலைச் சேர்க்கைக் குழுக்கள் கவனித்துப் படிக்கின்றன.

ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அதே பாடத்தை மறுபடி எடுத்து ஏ வாங்கினால் கல்லூரிக் கணக்கில் பழைய மதிப்பெண் மறையலாம். மருத்துவப் பள்ளிகளின் பொது விண்ணப்பத்தில் இரண்டுமே கணக்கில் வரும். அறிவியல், கணிதப் பாடங்களுக்கு ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) தனியாகவும் போடுவார்கள். அதனால் சி-யை மறுபடி எடுப்பதைவிட, அடுத்த பாடமான பயோகெமிஸ்ட்ரியில் ஏ வாங்குவது பல சமயம் நல்ல வழி. டி அல்லது எஃப் என்றால் கதை வேறு, திரும்ப எடுத்துத்தான் ஆக வேண்டும்.

"எம்கேட் நம்ம நீட் மாதிரிதானே? நல்ல கோச்சிங் போட்டா முடிஞ்சுது இல்ல?"

இல்லை. நீட்டில் ரேங்க்தான் ஏறத்தாழ எல்லாம். எம்கேட் பல காரணங்களில் ஒன்று மட்டும். 472 முதல் 528 வரை மதிப்பெண், நான்கு பகுதிகள், இடைவேளையோடு ஏழரை மணி நேரத் தேர்வு. மூன்று பகுதிகள் அறிவியலும் உளவியல்-சமூகவியலும். நான்காவதில் 90 நிமிடத்தில் 9 பத்திகள், 53 கேள்விகள்: கலை, தத்துவம், வரலாறு என்று எதுவும் வரும். வெளியறிவு எதுவும் வேண்டாம், வாசித்து எழுதியவரின் வாதத்தைப் பிடிக்க வேண்டும். அறிவியலில் கெட்டியான நம் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். மூன்று மாதக் கோச்சிங்கில் வருவதல்ல இது. கதையும் கட்டுரையும் படித்த பழக்கத்தில் வருவது. பத்தாம் வகுப்புப் பிள்ளை நாவல் படித்தால் தடுக்காதீர்கள்.

'சும்மா எழுதிப் பார்க்கிறேன்' என்றும் போகக் கூடாது. ஓராண்டில் 3 முறை, வாழ்நாளில் 7 முறை என்று வரம்பு உண்டு, பழைய மதிப்பெண்களையும் பள்ளிகள் பார்க்கும். வீட்டில் எழுதும் முழு நீள மாதிரித் தேர்வுகளில் இலக்கைத் தொட்ட பிறகு போவதே நல்லது.

"மார்க் எல்லாம் இருந்தும் எங்க பொண்ணுக்கு ஒரு இடம்கூட கிடைக்கலையே, ஏன்?"

2023-24-ல் சுமார் 52,500 பேர் விண்ணப்பித்து 23,000 பேர் அளவில் சேர்ந்தார்கள். பாதிக்கும் மேல் வெளியே. சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.8-ஐ ஒட்டி, எம்கேட் 511-512. மதிப்பெண் இருக்கிறது என்று நாம் சொல்லும்போது பக்கத்தில் இருப்பவருக்கும் அதே மதிப்பெண்தான்.

தேதி, முகவரி என்று சாதாரண காரணங்களும் உண்டு. விண்ணப்பங்களை வந்த வரிசையில் பார்த்து, நேர்முகத்துக்கு அழைத்துக்கொண்டே போகிறார்கள். மே மாதம் திறக்கும் விண்ணப்பத்தை அக்டோபரில் அனுப்பினால் நேர்முக இடங்களில் பல நிரம்பியிருக்கும். மாநிலப் பள்ளிகள் சொந்த மாநிலத்தவரையே பெரிதும் எடுக்கும். டெக்சஸில் அரசு மருத்துவப் பள்ளிகளில் 90 சதவீத இடம் டெக்சஸ்காரர்களுக்கு என்பது சட்டம். வெளி மாநிலத்திலிருந்து அங்கே போட்ட விண்ணப்பம் தோற்றால், அதை வைத்து உங்கள் மகளை எடைபோடாதீர்கள். பெரிய பெயர்ப் பள்ளிகளுக்கு மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன்.

"ஆஸ்பத்திரியில எத்தனை மணி நேரம் வாலன்டியர் காட்டணும்?"

காட்டுவதற்காகச் செய்தால் நேர்முகத்தில் தெரிந்துவிடும். விண்ணப்பத்தில் 15 அனுபவங்கள் வரை எழுதலாம், அதில் 3 மட்டுமே 'மிக முக்கியமானவை'. 15 இடத்தில் தலைகாட்டியவளைவிட, ஒரு முதியோர் காப்பகத்தில் இரண்டு ஆண்டுகள் வாராவாரம் போய்க் கஞ்சி ஊட்டியவளுக்குச் சொல்ல விஷயம் இருக்கும். நோயாளியின் வாடை, சலிப்பு, கோபம் எல்லாவற்றையும் பார்த்த பிறகும் இந்த வேலை வேண்டும் என்று தோன்றுகிறதா என்பது பிள்ளைக்கே தெரிய வேண்டும். என்னைப் பொறுத்தவரை ஆர்கானிக்குக்கு முன்னாலேயே பார்க்க வேண்டிய சோதனை அது.

"பணம் இருக்கறவங்களுக்குத்தானே இதெல்லாம் நடக்கும்?"

பெரும் பங்கு உண்மை. மருத்துவப் பள்ளியில் சேர்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் வருமானத்தில் மேலே இருக்கும் 40 சதவீதக் குடும்பங்களிலிருந்து வருகிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் பிள்ளைக்கும் போகாத பிள்ளைக்கும் ஒரே அளவு நேரம் கிடையாது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தேர்வுக் கட்டணத்தைக் குறைத்து விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் உதவித் திட்டம் இருக்கிறது. எம்கேட்டுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். சம்பளத்துக்குச் செய்யும் வேலையையும் அனுபவமாக எழுதலாம். கடையில் பில் போட்டதை மறைக்க வேண்டாம்.

"நாங்க இன்னும் எச்1பி. பையன் எச்4. அவன் ப்ரீ-மெட் படிக்கலாமா?"

எனக்குப் பதில் சொல்லவே கஷ்டமான கேள்வி. எச்1பி வேலை விசாவில் இருப்பவரின் பிள்ளைக்குத் தரும் எச்4 விசா, 21 வயது ஆனதும் போய்விடும். கிரீன் கார்டு வரவில்லை என்றால் பெரும்பாலும் எஃப்1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். அப்போது இரண்டு வயதில் இங்கே வந்த பிள்ளையும் வெளிநாட்டு மாணவன்தான். வெளிநாட்டு மாணவர்களைப் பரிசீலிக்கும் மருத்துவப் பள்ளிகள் குறைவு. அரசுக் கடன் கிடைக்காது. சில பள்ளிகள் பல ஆண்டுக் கட்டணத்துக்கான பணம் இருப்பதை முன்கூட்டியே காட்டச் சொல்லும்.

படிக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பையனுக்கு 16 வயதாகும்போதே குடியேற்ற வழக்கறிஞரிடம் தேதிகளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்தப் பேச்சில் பையனையும் உட்காரவையுங்கள். வேறு வேலைக்கும் உதவும் பட்டமாக எடுக்கட்டும். உழைத்தால் கிடைக்கும் என்று மட்டும் சொல்லி வளர்த்துவிட்டால், விசாவால் மூடிய கதவைத் தன் தோல்வி என்று அவன் சுமப்பான். அப்படிச் சுமந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

"ரெண்டு வருஷம் போட்டும் கிடைக்கல. கரீபியனுக்கு அனுப்பிடலாமா?"

அதற்கு முன்னால் இரண்டைப் பாருங்கள். ஒன்று, உங்கள் மகள் தன் விண்ணப்பத்தில் எது பலவீனம் என்று ஆலோசகரிடம் காட்டி, அதைச் சரிசெய்ய ஓராண்டு எடுத்தாளா? மாற்றாமல் அப்படியே திரும்பப் போடுவதும், புத்தகத்தை நான்காவது முறை படிப்பதும் ஒன்றுதான். பட்டம் முடித்து ஓரிரு ஆண்டு கழித்துச் சேர்வது இங்கே சாதாரணம். இரண்டு, ஆஸ்டியோபதி பள்ளிகளுக்குப் போட்டாளா? இங்கே வழக்கமான மருத்துவப் பட்டம் எம்டி, அந்தப் பள்ளிகளில் அதற்குப் பதில் டிஓ பட்டம். 50 மாநிலங்களிலும் முழு மருத்துவர்.

கரீபியன் தீவுகளின் மருத்துவப் பள்ளிகளில் இடம் எளிதாகக் கிடைக்கும், கஷ்டம் பிறகுதான். 2024-ல் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி) இடம் பெற்றவர்கள் அமெரிக்க எம்டி மாணவர்களில் 93 சதவீதம், டிஓ-வில் 92, வெளிநாட்டுப் பள்ளியில் படித்த அமெரிக்கக் குடிமக்களில் 67. நடுவில் படிப்பை விட்டுப் போனவர்கள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள், கடன் மட்டும் அவர்களோடு வரும். அங்கே படித்து நல்ல மருத்துவர் ஆனவர்கள் நிறைய உண்டு. ஆனால் போவதற்கு முன் இந்த எண்களைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

"எல்லாத்தையும் விட்டுடறேன்னு சொல்றா. இவ்வளவு உழைச்சிட்டு இப்ப விட்டா எப்படி?"

முதலில் நான்கு நாள் தூங்கவிடுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் மதிப்பெண் பேச்சை நிறுத்திவிட்டு, தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

அப்படி இல்லை, களைப்பு மட்டும்தான் என்றால், ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆர்கானிக் சுலபமாக இருந்தால் டாக்டர் ஆக ஆசையா?" ஆமாம் என்றால் பிரச்சினை படிக்கும் முறையில், வெள்ளைத் தாளிலிருந்து தொடங்கலாம். இல்லை என்றால் அவள் விடுவது உங்கள் ஆசையை. என்னிடம் இரண்டு ஆண்டு வந்துகொண்டிருந்த ஒரு பெண் அந்தக் கேள்விக்கு வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இல்ல ஆன்டி" என்றாள். இப்போது ஒரு மாவட்டத்தில் பொதுச் சுகாதாரத் துறையில் இருக்கிறாள். காசநோய் வந்த குடும்பங்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறாள்.

முடிவு எதுவானாலும் செமஸ்டரின் விலகல் தேதியை இன்றே பாருங்கள். அதற்குள் விலகினால் பட்டியலில் டபிள்யூ என்று விழும், ஜிபிஏவைத் தொடாது. அந்தத் தேதி தாண்டிய பிறகு பாதியில் விட்டால் பெரும்பாலும் எஃப்-தான்.